கம்பிக்கு மேலே அப்பா

அப்பாவை அம்மா பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்றேன். மாமா தலையைச் சொறிந்தார். அம்மா கிடப்பது பழைய தோட்டத்து மயானத்தில். தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களை வெட்டி, நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்து, மாடி வீடுகள் கட்டி, சுற்றி வேலி போட்டு, வாசலில் குறுக்குக் கம்பி வைத்து, காவல்காரரையும் உட்கார வைத்துவிட்டார்கள். மயானம் அந்த வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

எங்கள் ஊர் சிம்பாங் பூலாய் முன்னேறிவிட்டது என்கிறார்கள். உண்மைதான். கேமரன் மலைக்குப் போகிற கார்கள் நின்று போகக் கடைகள் வந்துவிட்டன. மலைகளில் பாதியைக் காணோம், கல்லாக லாரி ஏறிப் போய்விட்டன. உடைத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். தோட்டம் மூடியதும் குவாரிக்குப் போனார். துவைத்த சட்டையிலும் வெள்ளைத் தூள் இருக்கும். நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டு மார்பிள் அறுக்கப் போனேன். என் சட்டையும் அப்படித்தான்.

காவல்காரர் புந்தோங்கைச் சேர்ந்த தமிழர். சவ வண்டியைப் பார்த்ததும் காவல் கூண்டிலிருந்து இறங்கி வந்தார்.

“தம்பி, இந்தப் பக்கம் விட மாட்டாங்க லா. பின்னால குவாரிப் பாதை இருக்கு, அதுல போங்க.”

“உசுரோட இருந்த வரைக்கும் அந்தத் தூசிலதான் போனாரு அண்ணே. இன்னிக்குமா?”

“நான் என்ன பண்ண? கேமரா வெச்சிருக்காங்க. கம்பியத் தூக்குனா எனக்கு வேலை போயிரும்.”

ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். மாமா ஓடிப்போய் கண்ணாடியைத் தட்டினார்.

“கோஸ்தான் போடாதடா. பொணம் ஏறுன வண்டி பின்னால போகக் கூடாது.”

“முன்னாலயும் விடல, கோஸ்தானும் போடக் கூடாது. பறந்தா போவேன் மாமா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு. காவல்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“கம்பிய நான் தூக்குனாதான் தப்பு தம்பி. பெட்டிய நீங்க தூக்குறதுக்கு நான் என்ன சொல்ல?”

பெட்டியை இறக்கினோம். ஆறு பேர். முன்னால் நான். கம்பி இடுப்பளவு உயரம். பெட்டியை மேலே பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய்த் தோள் கொடுத்தோம். பெட்டி கனமாக இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கல் தூக்கிய உடம்பு அது.

உள்ளே தார் ரோடு வழுவழு என்று இருந்தது. ஜன்னல் திரைகள் அசைந்தன. தப்படிக்கிற அண்ணன், “மெதுவா அடிக்கவா?” என்று கேட்டார்.

“நல்லா அடிங்கண்ணே. அவரு ரப்பர் பால் வெட்டுன எடம் இது.”

அம்மாவுக்கு வலது பக்கம், காலையிலேயே குவாரிப் பாதை வழியாக வந்து குழி வெட்டியிருந்தோம். அப்பாவை இறக்கினோம். முதல் மண்ணை நான் போட்டேன்.

திரும்பும்போது ஒரு வீட்டுக்காரர் கேட் ஓரம் நின்றிருந்தார். இனிமேலும் இப்படி வருவீர்களா என்று மலாயில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

வருவோம் என்றேன். மூன்றாம் நாள் பால் ஊற்ற வருவோம். தீபாவளிக்கு முன்னால் படையல் போட வருவோம். வருஷா வருஷம் வருவோம். அம்மாவுக்கு இடது பக்கம் இன்னும் ஓர் இடம் இருக்கிறது, அது எனக்கு என்றும் சொன்னேன்.