சீருடையில் வந்த ரசிகர்கள்

ஓசூரில் என் பேய்ப்படம் ஓடியது நான்கே நாள்; அதுவும் காலைக் காட்சி மட்டும். மற்ற காட்சிகளை ஒரு பெரிய நடிகரின் தெலுங்குப் படம் எடுத்துக்கொண்டது. எல்லையோர ஊரில் அதை அநியாயம் என்றும் சொல்ல முடியாது. அஞ்செட்டிக் காட்டுப் பேய் அந்த நாயகனோடு மல்லுக்கட்டி ஜெயிக்குமா?

நான் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆயுதபூஜை லீவிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய், மூன்று வருடத்தில் அந்தப் படத்தை எடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒரு ஆள் இருட்டில் உட்கார்ந்து அதை முழுதாகப் பார்த்து, ஒரு தடவையாவது நடுங்க வேண்டும்.

முதல் நாள் தியேட்டர் காலியாகக் கிடந்துவிடுமோ என்ற பயத்தில் நைட் ஷிப்ட் ஆட்களை நான்தான் கூப்பிட்டேன். வீட்டுக்குப் போனால் படுத்துவிடுவார்கள் என்று, ஷிப்ட் முடிந்த கையோடு வரச் சொன்னேன். யூடியூப் சேனல்காரன் வாசலில் மைக்கை நீட்டும்போது திணற வேண்டாமே என்று வாட்ஸப்பில் ஒரு வரியும் அனுப்பினேன்: "செகண்ட் ஹாஃப்ல சீட் நுனிக்கே வந்துட்டேன்."

நாற்பது பேர் வந்தார்கள். இட்லி தின்றுவிட்டுப் பத்தரைக் காட்சிக்கு உள்ளே போனார்கள். ஏசி காற்று பட்டதும் ஒவ்வொருவராகச் சாய ஆரம்பித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். திரையில் என் பேய் தலைவிரிகோலமாக அலறுகிறது. கீழே அதற்குப் போட்டியாகக் குறட்டை. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தவர்களை எந்த வாயால் குறை சொல்வது? 

விளக்கு போட்டதும் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, மைக் முன்னால் வரி பிசகாமல் ஒப்பித்தார்கள். எல்லோர் மேலும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் ஒரே ஐடி கார்டு. மாற்றுச் சட்டை கொண்டுவரச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வருடமாக உடம்போடு ஒட்டிக் கிடக்கிற துணி கண்ணில் படுமா?

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. தலைப்பு, "பேய்ப்படமா, கம்பெனி மீட்டிங்கா?" ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் சீட் நுனிக்கு வருவதைச் சேர்த்து ஒட்டியிருந்தான். ஊரே பார்த்துச் சிரித்தது. கீழே கமெண்ட்டில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்ட யாரும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் எச்.ஆர். கூப்பிட்டு, "ஐடி கார்டக் கழட்டிட்டுப் போகணும்னு கூடவா தெரியாது?" என்று கேட்டார். படம் எப்படி என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கேன்டீனில், உத்தனப்பள்ளியிலிருந்து வேலைக்கு வரும் லைன் லீடர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மைக் முன்னால் மற்றவர்களைவிட அதிகம் உருகியவர் அவர்தான்.

"வுடுங்கண்ணா. அவனுங்களுக்கு இன்னா தெரியும்? படம் சூப்பரா இருந்துச்சு."

"நிஜமாவா? அந்தக் கிணத்து சீன் எப்படி இருந்துச்சு?"

"ஐயோ, அதக் கேக்காதீங்கண்ணா. ஒடம்பே சிலுத்துக்கிச்சு."

படத்தில் கிணறே கிடையாது. ஆனாலும் நல்ல மனிதர். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எனக்காகப் பொய் சொல்ல வந்தார். அத்தனை பேரும் அதற்காகத்தான் வந்தார்கள். படம் பார்க்கத்தான் ஒரு ஆள்கூட வரவில்லை.