கேற்றடியில் நின்ற பத்து நிமிடம்

போன மாசி மாதம், கோபன்ஹேகனில் நடந்தது. நடக்கச் சிரமப்படும் முதியவர்களை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறேன். அன்று காலை ஏறியவர் தொண்ணூறு வயது யூதக் கிழவர். மனைவியின் திவசம். ஜெப ஆலயத்தில் அவளுக்காகப் பிரார்த்தனை சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆலயத்தின் இரும்புக் கேற்றில் காவல் நின்ற தாடிக்காரன் என் பையைத் திறக்கச் சொன்னான். யுத்த காலத்தில் ஊரில் எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி நின்றவன் நான்! கோபம் ஏறிவிட்டது.

“என்ரை நிறத்தைப் பாத்தோ கேக்கிறாய்?” என்று டேனிஷில் கத்தினேன்.

அவன் கிழவரின் பையையும் வாங்கித் திறந்தான்.

“எழுபது வருசமா வாறன். இவன்ரை தகப்பனையும் தெரியும். என்னையும்தான் பாக்கிறான்” என்று கிழவர் சிரித்தார்.

என் பையில் இருந்தது புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.

கிழவரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் இருத்தினேன். அவரோடு சேர்த்து ஒன்பது பேர். அந்தப் பிரார்த்தனைக்குப் பத்து யூத ஆண்கள் வேண்டுமாம். இந்த நகரத்தில் அவர்கள் கொஞ்சப் பேர்தான். வார நாளில், பனியில் யார் வருவது? இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவர் எடுக்கவில்லை.

“என்னை எண்ணுங்கோ” என்றேன்.

“நீர் நல்ல மனுசன். ஆனால் எண்ணிக்கையில வரமாட்டீர்” என்றார் கிழவர். கண் கலங்கியிருந்தது.

பத்தாவது யூதன், அந்தத் தாடிக்காரன், கேற்றடியில் நின்றான். ஆனால் முன்பு இங்கே காவல் நின்ற ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து, வாசலை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. வெளியே போய், “நான் பாக்கிறன், நீ போ” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தான். கேற்றைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

“ஆரும் வந்தால் மணியை அடி. கத்தாதை” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

தனியே நின்றபோதுதான் காவல்காரனின் பயம் தெரிந்தது. சைக்கிளில் போகிறவனைக் கண்டாலும் கை மணிக்குப் போனது. ஒரு வயதான பெண் வந்தாள். நான் கேட்கவேயில்லை, கைப்பையைக் கம்பிக்கு நேரே விரித்துக் காட்டிவிட்டு, நான் மணி அடித்து ஆள் வரும்வரை குளிரில் நிற்க ஆயத்தமானாள்.

“ஒருத்தர் காவல் நிக்கிறது நல்லது” என்றாள்.

அப்போது உள்ளே கிழவரின் நடுங்கும் குரல் கேட்டது. பின்னாலேயே மற்றவர்களின் “ஆமென்.” மணியில் வைத்த கையை எடுத்தேன்; அடித்தால் உள்ளே பத்து ஒன்பதாகிவிடும். அது முடியும் வரை அவளும் நானும் கேற்றின் இருபுறமும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

இன்றும் யாராவது பையைத் திற என்றால் எனக்குக் கோபம் வருகிறது; ஆனால் கம்பிக்கு உள்ளே நின்று நான் பட்ட பயத்தை நினைத்து, முதலில் பையைத் திறந்துவிடுகிறேன்.