வெள்ளிக்கிழமை வந்த மீன்

பேர்பெச்சுவா அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன், கோபிக்கமாட்டார். மன்னாரில் பிறந்து, தொண்ணூறுகளில் அகதியாக ஜெர்மனிக்கு வந்தவர். வடக்கே மெக்லென்பேர்க் காட்டுக்குள் இருந்த முகாமுக்கு அவரை அனுப்பினார்கள். விசா கிடைத்ததும் மற்றவர்கள் ஹம்பேர்க்குக்கும் வுப்பர்டாலுக்கும் ஓடிவந்தார்கள். அக்கா மட்டும் அசையவில்லை. காட்டு நடுவில் ஓர் ஏரி, கரையில் ஹோல்கர் என்ற ஜெர்மன்காரரின் மீன்வாடி, அங்கே மீன் வெட்டும் வேலை. அது போதும் என்று இருந்துவிட்டார்.

அந்த ஏரியின் பெயர் என் வாயில் நுழையாது. ஆதியில் பனிமலை நகர்ந்து தோண்டிவிட்டுப் போன பள்ளமாம். ஒடுக்கமாக நீண்டு கிடக்கும். சுற்றிவரப் பைன் மரமும் நாணலும்தான். பஸ் பிடிக்கக் காட்டுவழியே நெடுந்தூரம் நடக்க வேண்டும். மாரிக்குளிரில் உறைந்துபோகும். பங்குனியில் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் வந்திறங்கிக் கத்தினால் அக்கரை வரை கேட்கும்.

தண்ணீர்தான் பச்சைக் கஞ்சி மாதிரிக் கிடந்தது. காரணம் பிறாஸ என்ற தட்டையான மீன். அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும் அந்த மீன் அளவுமீறிப் பெருகிவிட்டது. சேறு அடங்காததால் அடியில் நீர்ப்பூண்டு முளைக்க வெளிச்சமில்லை. மேலிருந்து பார்த்து மீனில் பாயும் விராலடிப்பான் பருந்தும் கூட்டை விட்டுப் போய்விட்டது.

பிறாஸவை வலைபோட்டு அள்ளினால் ஏரி தெளியும் என்றார்கள் அதைக் கவனிக்கும் அதிகாரிகள். ஒரு நிபந்தனை போட்டார்கள்: பிடிக்கும் மீனை யாராவது சாப்பிட வேண்டும், குழிதோண்டிப் புதைக்கக்கூடாது. அங்குள்ள ஜெர்மன்காரர் அந்த முள் மீனைத் தொடுவதில்லை. வாங்க ஆளில்லாததால் ஹோல்கர் வாடியை மூடுவதென்றே முடிவெடுத்தார். மூடினால் அக்காவும் ஏரியை விட்டுப் போக வேண்டியதுதான்.

அதிகாரிகள் இதற்கென்று வைத்த கூட்டத்தில் அக்கா எழும்பி, "எங்கட சனம் தின்னும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டார். எந்தச் சனத்தைக் கேட்டுச் சொன்னார்? ஒருவரையும் கேட்கவில்லை. பிறகுதான் எனக்குப் போன் வந்தது. நான் யோகலிங்கம். ஹம்பேர்க் பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன்.

"தம்பி, ஒரு வான் மீன் கொண்டு வாறன். வித்துத் தாரும்."

"குளத்து மீனோ அக்கா? சேறு மணக்குதெண்டு சனம் மூக்கைப் பொத்தும்."

"அது என்ர பாடு. நீர் கடையைத் திறந்து வையும்."

2004 மாசியில் ஐஸ் உடைந்தது. ஏரியின் வடக்கு மூலையில் ஆழக் குழிக்குள் மாரியெல்லாம் கூட்டமாகக் கிடந்த மீனை வளைத்துப் பிடித்து, ஹோல்கரும் அக்காவும் என் வாசலில் வந்து இறங்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

"அக்கா, நாள் பாக்காமலே வந்தனீங்கள்?"

"பாத்துத்தான் வந்தனான். வெள்ளிக்கிழமை மீன் நாள்தானே?"

கத்தோலிக்கரான அக்காவுக்கு வெள்ளி என்றால் இறைச்சியை விட்டு மீன் தின்னும் நாள். ஹோல்கருக்கும் அப்படித்தான். என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் சைவ சமயத்தவர். வெள்ளி விரதத்தில் மீன்சட்டியைக் கண்ணாலும் பார்க்கமாட்டார்கள். வந்தவர்கள் மீன் மணத்ததும் வாசலோடு திரும்பினார்கள். கோயிலுக்குப் பூ வாங்க வந்த புஸ்பவதி அக்கா என்னை ஏசிவிட்டுப் போனார். பின்னேரம் வரை ஒரு மீன்கூடப் போகவில்லை. அவ்வளவு வாயும் அடங்கி, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பேர்பெச்சுவா அக்காவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

குடித்துவிட்டு எழும்பினார். "நாளைக்குச் சனிதானே? விரதம் முடிஞ்ச நாக்குக்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியும். பழப்புளி எங்க வைச்சிருக்கிறீர்?"

சனி காலை கடையின் பின்புறம் பெரிய சட்டி ஏறியது. உப்பும் மஞ்சளும் புளியும் போட்டு உரஞ்சிக் கழுவியதில் சேற்று மணம் போய்விட்டது. சினையைத் தனியாகப் பொரித்தார். மீனை வெந்தயம் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தார். மணம் தெருவுக்குப் போய், நேற்றுத் திரும்பிய சனத்தைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது. முதலில் வந்தவர் புஸ்பவதி அக்காதான். நின்றபடியே விரலால் முள் எடுத்துத் தின்றார்.

"முள்ளுத்தான். ஆனா முள்ளு மீனிலதானே ருசி" என்றுவிட்டு, இருந்ததில் பெரிய மீனாகப் பார்த்துத் தூக்கினார்.

மத்தியானத்துக்குள் வான் வெறுமையாகிவிட்டது. ஹோல்கர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய ஜாக்கெட் மீன் மணத்தது. நானும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அதன்பிறகு மாரிதோறும் வான் வந்தது, சனிக்கிழமைகளில் மட்டும். வுப்பர்டால் சனமும் கேட்டு வாங்கத் தொடங்கியது.

2008 வைகாசியில், வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். கடையை மகனிடம் விட்டுவிட்டு முதன்முறையாகப் போனேன். மூவரும் படகில் நடு ஏரிக்குப் போனோம். அக்கா தன் வீட்டு வெள்ளைப் பீங்கான் தட்டொன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். முந்தி முழங்கை ஆழத்திலேயே மறைந்துவிடுமாம். இப்போது கயிறு போய்க்கொண்டே இருந்தது, தட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது அடியில் போய்ப் படுத்தது. பக்கத்தில் பச்சை நீர்ப்பூண்டு ஆடியது. அதற்குள் நீண்ட வாயுள்ள பெரிய மீனொன்று அசையாமல் நின்றது.

கலங்கிய குட்டையில் மீன் பிடிக்கிற ஆட்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். மீன் பிடித்தே ஏரியைத் தெளியவைத்தவர் இவர் ஒருவர்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மேல பாரும்" என்றார் அக்கா.

காய்ந்த பைன் உச்சியில் புதுக் கூடு இருந்தது. அங்கிருந்து கிளம்பிய விராலடிப்பான் எங்கள் தலைக்குமேல் ஒருமுறை வட்டமிட்டு, காலை நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. எழும்பியபோது அதன் நகத்தில் ஒரு பிறாஸ துடித்தது. ஹோல்கர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அக்கா கயிற்றை விடாமலே, பருந்தைக் கண்ணால் காட்டி என் பக்கம் திரும்பினார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, தம்பி, மீன் நாள். இது எங்கட சனம்."