எல்லைச் சாவடியில் என் சம்பந்தி

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்று வளர்த்தது ஐந்து. ஐந்தும் நல்லபடியாக இருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால்தான், இந்த வாரம் நான் பொறாமைப்பட்ட கதையைத் தலைநிமிர்ந்து சொல்ல முடியும்.

ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன்... கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. தேஹு ரோடு ஸ்டேஷனுக்கு எதிரே கொத்தமல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். போன் குலுங்கியது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ. பெரிய பாலம், கீழே ஆறு. பாலத்தின் ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் கனடா. கனடாக் கொடிக்குக் கீழே என் கடைசி மகன் டேனி, மருமகள் ஷீபா. நடுவில் யார்? ஷீபாவின் அம்மா ரோஸி! இங்கே பக்கத்தில் விஷ்ராந்த்வாடியில் இருக்கிற ரோஸி. போன கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை. அதன் மேல் என் மகனுடைய கோட்டு.

டேனி எட்டு வருஷமாக அமெரிக்காவில் வேலை பார்த்தான். அங்கே கிரீன் கார்டு வரிசை நகர்வதாக இல்லை. கனடாவுக்கு எழுதிப் போட்டான். பெர்மனென்ட் ரெசிடென்ஸி வந்துவிட்டது. காகிதம் வந்தால் மட்டும் போதாதாம். எல்லையில் போய் நின்று, ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டு உள்ளே போனால்தான் செல்லுமாம். காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்படியே புது வீடு. புது வீட்டில் பால் காய்ச்ச ஒரு பெரிய மனுஷி வேண்டும் அல்லவா?

அந்தப் பெரிய மனுஷி நானாக இருந்திருக்க வேண்டும்.

டேனி முதலில் என்னைத்தான் கூப்பிட்டான். "வாரியாம்மா? டிக்கெட் போடட்டா?" என்றான். நான் என்ன சொன்னேன்? "எனக்கு எதுக்குய்யா? முழங்கால் வலி. நீங்க நல்லபடியா போங்க" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள் — முதல் தடவையே யாராவது சரி என்பார்களா? பந்தியில் "இன்னும் கொஞ்சம் சோறு?" என்றால் இலை மேல் கையை விரித்து "போதும்" என்போம். "அட, சாப்பிடுங்க" என்று மறுபடி சொன்ன பிறகுதான் கையை எடுப்போம். நம் வீடுகளில் வேண்டாம் என்றால், இன்னொரு தடவை கேள் என்று அர்த்தம். நான் பெற்றவனுக்கு இது தெரியாதா? எட்டு வருஷத்தில் மறந்துவிட்டான். "சரிம்மா, காலைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டான்!

அடுத்து ரோஸியைக் கூப்பிட்டிருக்கிறான். ஒரே பேச்சில் சரி என்றாளாம். அன்றைக்கே பெட்டியும் கட்டிவிட்டாளாம். கொஞ்சம் கூச்சம் வேண்டாமா ஒரு பொம்பளைக்கு?

கொத்தமல்லி விற்கிற மங்கல் பாய் போட்டோவை எட்டிப் பார்த்தாள். "காய் மாவ்ஷி, துமி நாஹி கேலாத்?" நீங்கள் போகவில்லையா என்று மராத்தியில் கேட்கிறாள். அவளிடமும் முழங்கால் வலி என்றேன். ஸ்டேஷன் படிகளை ஏறி இறங்கித்தான் அந்தக் கொத்தமல்லிக்கே போயிருந்தேன்... அவளும் என் காலை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் டேனி வீடியோ காலில் வந்தான்.

"எல்லாம் முடிஞ்சிட்டும்மா. சாமான் பாக்குற ஆபீசர் ரொம்ப தன்மையா பேசினாரு. கையோட என்ன கொண்டு வந்திருக்கீங்க, பின்னால என்ன வரப்போவுதுன்னு கேட்டாரு. இப்பவே சொல்லிட்டா பின்னால வரி கிடையாதாம். ஷீபா கட்டில், பிரிட்ஜ், தையல் மெஷின்னு சொல்லிக்கிட்டு இருக்கா, நடுவுல புகுந்து—"

"யாரு?"

"அத்தைதான். 'ஹிஸ் மதர் ஆல்சோ கமிங்'னுட்டாங்க! ஆபீசர் சிரிச்சிட்டாரு. ஆளுங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது, அதுக்கு வேற ஆபீஸுன்னாரு."

நான் சிரிக்கவில்லை. என்னைக் கட்டிலோடும் பிரிட்ஜோடும் சேர்க்க இவள் யார்? ஆனால் ஒன்று — அந்தச் சாவடியில் என் பேச்சை எடுத்தது பெற்ற மகன் இல்லை. சம்பந்தி.

"பால் காய்ச்சியாச்சா?" என்றேன், சும்மா கேட்பது போல.

"வீடு அடுத்த மாசந்தான் கைக்கு வருது. இப்ப வாடகை ரூம்தான். பால் காய்ச்ச நீ வாரியாம்மா?"

இந்த வாய் இருக்கிறதே... "எனக்கு எதுக்குய்யா அவ்வளவு தூரம்? முழங்கால்—" என்றது.

"சரிம்மா" என்று சொல்ல அவன் வாய் திறப்பது திரையில் தெரிகிறது. போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "மாப்பிள்ளை, இன்னொரு வாட்டி கேளுங்க. மைனி முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

டேனி முழித்தான். பிறகு கேட்டான். "வாரியாம்மா?"

"நீ இவ்வளவு வற்புறுத்துறதால வாரேன்" என்றேன்.

எங்கே வற்புறுத்தினான்? ஒரே ஒரு வார்த்தை. மிச்சத்தைச் சொன்னவள் அவள். என் மனசு என் மகனை விட ரோஸிக்கு நன்றாகத் தெரிகிறது. தெரியாமல் என்ன? அவளும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே வளர்ந்தவள்தானே. பிறகு எப்படித் தன் முறை வந்தபோது மட்டும் ஒரே பேச்சில் சரி என்றாள்? அந்தத் தைரியம் எங்கே கிடைத்தது? போட்டோவைப் பார்த்து வந்த பொறாமை இப்போது அந்தத் தைரியத்தின் மேல் குடியேறிவிட்டது.

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள். நான் சொல்லச் சொல்ல, மூத்தவள் மகள் ஜெனிதான் இதைப் போனில் தட்டுகிறாள். ஏட்டி ஜெனி, எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டு. ரோஸி பெயர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போ.