ரஹ்மத் அக்காவும் இரண்டு தட்டும்

கராச்சர்மா நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் பட்டறைச் சந்துக்குள் திரும்பினால் மெழுகு உருகும் வாசனை வரும். அன்று வரவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

தினமும் காலையில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து மெழுகை உருக்குவதுதான் ரஹ்மத் அக்காவின் முதல் வேலை. அறுத்த கட்டைகளின் இரண்டு முனைகளிலும் மெழுகு பூசுவார். தீவின் ஈரக்காற்று முனை வழியாகத்தான் மரத்துக்குள் புகும் என்பார். காய்ச்சலாக இருந்தாலும் அந்த வேலையை யாருக்கும் கொடுக்க மாட்டார். அன்று பட்டறைக் கதவில் பூட்டு தொங்கியது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் வங்காளி மாஷி என்னைப் பார்த்ததும் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பேட்டி, தீதி நஹீ ரஹீ" என்றார், அக்கா இல்லை என்று. முந்தின நாள் மாலை நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா, திரும்பி வரவில்லை.

யாரிடமும் எதுவும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பெரும்பாலானவர்கள் கிதார் செய்கிறவர்கள். கோயம்புத்தூரில், சென்னையில், பெங்களூரில் இருந்தபடி அக்காவிடம் சிவப்புப் படாக் மரக்கட்டை வாங்கியவர்கள். அக்காவை நீங்கள் பார்த்ததில்லை. போனில் கேட்கும் குரல்தான் உங்களுக்கு ரஹ்மத் அக்கா. அதனால் அவர் எப்படி இருப்பார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குரலுக்குப் பொருத்தமே இல்லாத சின்ன உருவம். நாற்பத்திரண்டு வயது. முக்காட்டின் மேல் எப்போதும் சிவப்பு மரத்தூள் படிந்திருக்கும். தட்டிவிட்டால் "இருக்கட்டும் புள்ள, கலரு நல்லாத்தானே இருக்கு" என்பார். பேசும்போது போனை வாய்க்கு நேராக, கடித்துத் தின்னப் போவது போலப் பிடித்திருப்பார்.

அக்காவின் கணவர் இருந்த காலத்தில் அது பழைய மரக்கடை. இங்கே பலரும் மரவீட்டை இடித்துவிட்டு சிமெண்டு வீடு கட்டுகிறார்கள். இடித்த வீட்டின் தூண்களையும் உத்தரங்களையும் வாங்கி, கதவும் ஜன்னலும் செய்ய விற்பார்கள். கணவர் இறந்த பிறகு, மெயின்லேண்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒருவர், கடை வாசலில் கிடந்த பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, எலெக்ட்ரிக் கிதார் செய்ய வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனாராம். ஐம்பது வருடம் ஒரு வீட்டைத் தாங்கிய மரம் காய வேண்டிய அளவுக்குக் காய்ந்திருக்கும் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அக்கா கிதார் உடலுக்கு அளவாக, ஒன்றே முக்கால் அங்குலத் தடிமனில் கட்டைகள் அறுத்து விற்கத் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் வனத்துறைச் சீட்டு வாங்கித்தான் அனுப்ப வேண்டும். அந்த ஆபீஸ் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்த நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு தொழில் கற்றிருக்கலாம்.

நான் வேலைக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. எங்கள் வீடு பஸ்ஸில் வரும் தூரத்தில், டாலிகஞ்சில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். பாடம் வராமல் இல்லை, எழுந்து நின்றால் பேச்சு வராது. அம்மா என்னை அக்காவிடம் கூட்டிப்போய், "இவ பேசமாட்டா, ஆனா வேலை செய்வா" என்றார். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லதாப் போச்சு. பேசுறதுக்கு நான் ஒருத்தி போதும். போட்டோ எடுக்கத் தெரியுமா?" என்றார். தலையாட்டினேன். உங்களுக்கு வந்த போட்டோக்களும் மெசேஜ்களும் நான் அனுப்பியவை.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அதில் 'எக்ஸாட்டிக் வுட்' என்று இருந்தது. "அப்படின்னா என்ன புள்ள?" என்று கேட்டார் அக்கா. நான் போனில் தமிழில் அடித்துக் காட்டினேன்: வேறு எங்கும் கிடைக்காத, தூர தேசத்து அபூர்வ மரம். அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை மாஷி எட்டிப் பார்த்தார். "அரே, தூர தேசமா? எங்க உம்மா இது மேலதான்யா மீன் கழுவுனா! லம்பா லைன்ல எங்க வீட்டு வாசக்கால் இது!" பிறகு அந்தப் பெங்களூர்க்காரரைப் போனில் கூப்பிட்டு, அதையேதான் சொன்னார். அவர் ஒன்றுக்கு இரண்டு கட்டையாக வாங்கினார்.

இன்னொரு முறை, ஒருவர் தான் செய்த கிதாரை வாசிக்கும் வீடியோ அனுப்பியிருந்தார். சத்தம் பட்டறையையே ஆட்டியது. அக்கா முழுவதும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் "ம். மரம் அழகா இருக்கு. பையன் ஏன் அதை இவ்வளவு அடிக்கிறான்?" என்று மட்டும் கேட்டார்.

நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

பழைய வீட்டு மரத்தில் ஆணி இருக்கும். தலை உடைந்து, வெளியே தெரியாமல் உள்ளேயே தங்கிவிட்ட ஆணி. அதற்காகக் கயிற்றில் கட்டிய காந்தத்தை ஒவ்வொரு கட்டையின் மேலும் மெதுவாக இழுத்துப் பார்ப்போம். அது என் வேலை. ஒரு நாள் ஒரு கட்டையின் ஓரத்தில் காந்தம் லேசாக இழுத்து நின்றது. அக்கா போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். பேச்சு முடியவில்லை. பார்சல் எடுத்துப்போக ஆள் வந்தார். அக்கா பேசிக்கொண்டே கையைக் காட்ட, அந்தக் கட்டையும் மற்றவற்றோடு போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து கோயம்புத்தூரிலிருந்து பிரகாஷ் சார் கூப்பிட்டார். அவருடைய மெஷினில் பிளேடு உடைந்து, துண்டு அவர் காதோரமாகப் பறந்து சுவரில் குத்தியிருந்தது. அக்காவின் கையில் மெழுகு இருந்ததால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. "கண்ணு போயிருக்கும் அக்கா! ஆணி இருக்கான்னு பார்க்க மாட்டீங்களா?" என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது. அக்கா, "தப்பு எங்களோடது தம்பி. வேற கட்டை அனுப்புறேன், பிளேடும் அனுப்புறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"காந்தம் போட்டுப் பார்த்தியா?"

தலையாட்டினேன்.

"ஒட்டிச்சா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு மனுசன் கண்ணு புள்ள!"

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை. நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லாததால் மறுநாள் போனேன். என் மேசைக்கு மேலே, உத்தரத்திலிருந்து ஒரு சின்னப் படாக் துண்டு கயிற்றில் தொங்கியது. பக்கத்தில் ஒரு மரக்குச்சி.

"இதைத் தட்டு" என்றார் அக்கா. "ஒண்ணுன்னா போகட்டும். ரெண்டுன்னா நிக்கட்டும். நான் யார்கூடப் பேசிட்டிருந்தாலும் சரி, கவர்னரே லைன்ல இருந்தாலும் சரி. நீ ரெண்டு தட்டுனா நான் நிறுத்துவேன்."

அதை ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் டெல்லியிலிருந்து ஒருவர் இருபது கட்டைகளுக்கு ஆர்டர் கொடுக்க, அக்கா அவரோடு இந்தியில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட இருபதில் ஏழு கட்டைகளை மூலையில் பிடித்து விரல் முட்டியால் தட்டியபோது சத்தம் செத்துப்போய் வந்தது. நல்ல படாக் மணி போல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் தொப்பென்று ஈரமான சத்தம் வரும். நான் பயந்துகொண்டே தொங்கும் துண்டை இரண்டு தடவை தட்டினேன். அக்கா பாதி வாக்கியத்தில் நின்றார். "மாஃப் கர்னா பாய் சாப், பதிமூணுதான் தர முடியும். எங்க இன்ஸ்பெக்டர் வேணாம்னுட்டாங்க" என்று அதை இந்தியில் சொன்னார். டெல்லிக்காரர் இருபதும் இல்லாவிட்டால் வேண்டாம் என்று வைத்துவிட்டார். அக்கா போனைத் துடைத்து வைத்துவிட்டு, "டீ குடிப்போமா?" என்றார்.

போனில் பின்னால் டக் டக் என்று கேட்டதும், "ஆசாரி வேலை செய்கிறாரா?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். "இன்ஸ்பெக்டர்" என்று அக்கா சொன்னதும் மீசை வைத்த யாரையோ நினைத்திருப்பீர்கள். அது நான்தான்.

நான் தட்டியதெல்லாம் சரி என்றும் இல்லை. ஒரு முறை அருமையான கோடுகள் ஓடிய ஒரு கட்டைக்கு இரண்டு தட்டினேன். அக்காவுக்கு மனசே வரவில்லை. இருந்தாலும் நிறுத்திவைத்தார். பிறகு அதை நடுவில் அறுத்துப் பார்த்தோம். விரிசல் இல்லை, ஆணி இல்லை, ஒன்றுமில்லை. வெல்லக்கட்டி போல முழுசாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அக்கா அந்தப் பாதியைக் கையில் திருப்பிப் பார்த்தார். "கிதார் ஆகாட்டி சப்பாத்திப் பலகை ஆவும். இதுக்கெல்லாம் அழுதா அடுத்த தடவை தட்ட மாட்ட. அதுதான் எனக்கு நஷ்டம்" என்றார். அன்று மாலையே அதை வட்டமாக வெட்டி, தேய்த்து, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிப் பேப்பரில் சுற்றித் தந்தார்.

அந்தப் பலகை எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா தினமும் அதில்தான் சப்பாத்தி தேய்க்கிறார். அக்காவுடையது என்று என்னிடம் இருக்கும் பொருள் அது ஒன்றுதான். அதைத் தவிர, யாரிடமும் எதையும் நிறுத்தச் சொல்லத் தெரியாத ஒருத்திக்கு 'நிறுத்து' என்று சொல்ல அவர் கொடுத்த அந்த இரண்டு தட்டு.

அக்கா இறந்து ஒரு வாரம் கழித்து அவருடைய கொழுந்தனார் காதர் பாய் பட்டறையைத் திறந்தார். நல்ல மனிதர், துறைமுகத்தில் வேலை. இருக்கும் ஆர்டர்களை அனுப்பிவிட்டு அண்ணியின் பெயரைக் கெடுக்காமல் கடையை மூடிவிடலாம் என்றார். அவர் முதலில் எடுத்தது ஒரு தனிக் கட்டை. அதில் அக்காவின் கையெழுத்தில் 'பிரகாஷ் தம்பி' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. லம்பா லைனில் அக்காவின் வாப்பா கட்டிய வீட்டின் கடைசித் தூண். மூன்று வருடமாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து, பிளேடு உடைந்ததை நினைத்து, போன மாதம்தான் அவருக்கென்று சொல்லியிருந்தார். உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்களில் தன் கையாலேயே அறுத்து, முனைகளில் மெழுகும் பூசியிருந்தார். அதை என்னிடம் சோதிக்கக் கொடுக்கவில்லை.

காதர் பாய் பெட்டிக்குள் வைக்கோலைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டையை மூலையில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, முட்டியால் தட்டினேன். தொப்பென்றது. இடத்தை மாற்றித் தட்டினேன். அதே சத்தம். முன்பு ஒரு முறை நான் தப்பாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. திரும்பவும் தட்டினேன்.

கயிற்றில் தொங்கிய துண்டை இரண்டு தடவை அடித்தேன்.

"யாரு கதவைத் தட்டுறது?" என்று காதர் பாய் வாசலைப் பார்த்தார்.

மறுபடி அடித்தேன். "என்ன புள்ள விளையாட்டு? கொண்டா இங்க. அண்ணி கையால அறுத்தது, பாரு என்ன கலரு" என்று கையை நீட்டினார். கட்டையைக் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மேசையிலிருந்த கடை போனை எடுத்தேன். பிரகாஷ் சாரின் நம்பரை அழுத்தினேன். அதற்கு முன் அந்தப் போனில் நான் பேசியதே இல்லை.

"அலோ? அக்கா நம்பர்ல யாரு?"

கட்டையை மேசையில் வைத்து, போனுக்குப் பக்கத்தில் குச்சியால் இரண்டு தடவை தட்டினேன்.



"இன்ஸ்பெக்டரா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன். "அக்கா உங்களுக்கு எடுத்து வச்ச தூண் கட்டை வேண்டாம் சார். உள்ளே விரிசல் இருக்கு."

காதர் பாய் வைக்கோலோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தபடி நின்றார். பிரகாஷ் சார் கேட்டார்: "சரிம்மா. அது அங்கேயே இருக்கட்டும். வேற எது நல்லா இருக்கு?"

அலமாரியிலிருந்து அடுத்த கட்டையை எடுத்தேன். காந்தத்தை இழுத்துப் பார்த்தேன். மூலையில் இரண்டு விரலால் தூக்கி, போனுக்கு நேராகப் பிடித்து, ஒரே ஒரு தடவை தட்டினேன்.