பேத்தி வரப்போகும் வண்டி

அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ‘கிளுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டியரிங் அக்கா பொங்க வந்த பாலை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே ஓடினாள்.

சுவரை ஒட்டி வண்டிக் கொட்டகை. அங்கே மெக்கானிக்கான அவள் கணவர், அவர்களுடைய வாடகைக் காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழைய கார். வேகத்தடையைப் பார்த்தாலே ‘லொட லொட’ என்று புலம்பும். அந்தப் புலம்பலெல்லாம் அக்காவுக்குத் தாலாட்டு மாதிரி. ஆனால் இந்தக் கிளுக் வேறு. ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளினால் அடிவயிறு கூசுமே, அப்படி ஒரு கிளுக்.

“என்னங்க, இப்ப எதை ஆட்டினீங்க?”

“எதையும் ஆட்டலியே.”

“இத்தனை வருஷத்துல ஒரு பொய்யை ஒழுங்கா சொல்லக் கத்துக்கல நீங்க. தள்ளுங்க அந்தப் பக்கம்.”

கம்பியை டயருக்கு அடியில் கொடுத்து அவளே நெம்பினாள். கிளுக். சக்கரத்தை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்து, குழியில் குண்டு ஆடியது. மனிதனுக்குத் தோள்மூட்டு எப்படியோ, காருக்கு அது அப்படி. நழுவிவிட்டால் சக்கரம் ஒருக்களித்துப் படுத்துவிடும்.

அவர் தலையைச் சொறிந்தார். “தெரியும்மா. நானும் பாத்தேன். ஆனா நாளைக்கு அனுப்புறோம்னு சொன்ன ஆஸ்பத்திரிக்காரங்க, இன்னிக்கு மத்தியானமே பெட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களே! ரெண்டு வேலைக்கும் நேரமில்ல. ஷாக் அப்சார்பரை மாத்துனா வண்டி பூ மாதிரி போகும். பொண்ணுக்குப் பிரசவத் தையல் வலிக்காது. பால் ஜாயிண்ட்டை மாத்துனா சக்கரம் நிக்கும். ஆனா வண்டி குதிக்கிற குதியை நிறுத்தாது.”

“இந்த லொட லொட?”

“அது லிங்க் ராடு. குரைக்கிற நாய், கடிக்காது. அதை விடு.” குரலைத் தாழ்த்தினார். “ஒரு தடவைதானே? மெதுவா ஓட்டினா பால் ஜாயிண்ட் தாங்கும்.”

வாடிக்கையாளர் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு விரட்டியிருப்பார் அந்த மனிதர். தாத்தாவாகிவிட்டால் மெக்கானிக்குக்கும் மூளை மழுங்கும் போலிருக்கிறது!

பேத்தியைத் தன் வண்டியிலேயே கூட்டிவர அக்காவுக்கும் ஆசைதான்.

ஓட்ட ஆள் கிடைக்காமல் இந்த வண்டி கொட்டகையில் தூங்கிய காலத்தில், ‘தூங்குற வண்டி சோறு போடாது’ என்று சொல்லிக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தவள் அவள். பிரசவ ஆஸ்பத்திரி வாசல்தான் அவளுடைய ஸ்டாண்ட். ஊர்ப்பட்ட பச்சைக் குழந்தைகள் முதன்முதலாக வீடு போய்ச் சேர்ந்தது அவள் வண்டியில்தான். “அக்கா, மெதுவாக்கா” என்பார்கள். “தலையில கண்ணாடித் தட்டை வச்சிட்டுப் போற மாதிரி போறேன், கண்ணை மூடித் தூங்கும்மா” என்பாள். ஒவ்வொரு வாசலிலும் குழந்தையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, காலியான பின்சீட்டைக் கண்ணாடியில் பார்த்து, ‘என் வீட்டுக்கு ஒண்ணை எப்ப ஏத்திக்கிட்டு வருவேன்?’ என்று ஏங்குவாள். இன்று அந்த நாள். ஊரார் பிள்ளைக்கெல்லாம் உழைத்த கார், சொந்தப் பேத்திக்கு மட்டும் காலை வாரிவிட்டதே!

“சம்பந்தி! வீட்ல யாரும் இல்லியா?”

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை கப்பல் வேலையில் இருப்பதால், ராத்திரி ஆஸ்பத்திரித் துணைக்கு அவர்தான் படுத்திருந்தார். ஆட்டோவில் வந்து இறங்கியவர், உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“நேராவே சொல்லிடுறேன். பேத்தி எங்க கார்லதான் வரணும். புதுசு, மெத்தை மாதிரி போகும். உங்க வண்டியில ஏத்தினா பொண்ணையும் குழந்தையையும் சோழி குலுக்கின மாதிரி குலுக்கிடும். கோவிச்சுக்காதீங்க.”

கொட்டகைக் கதவோரம் நின்ற கணவர், ‘தயார்னு சொல்லு’ என்று கண்ணால் கெஞ்சினார். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் மானம் தப்பும். ஆனால் அந்தக் கிளுக் காதை விட்டுப் போகவில்லையே!

“கூட்டிட்டு வாங்க சம்பந்தி” என்றாள் அக்கா. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. “எங்க வண்டியில பால் ஜாயிண்ட் போச்சு. அதைத்தான் முதல்ல மாத்தணும். மாத்தினாலும் குதிக்கும், என் பொண்ணு தாங்க மாட்டா. உங்க கார்லயே வரட்டும். நான் வாசல்ல நின்னு வாங்கிக்கிறேன்.”

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்த சம்பந்தியம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அடக் கடவுளே, நீங்க ரெண்டு வார்த்தை எதிர்த்துப் பேசுவீங்கன்னுல்ல வந்தேன்! உங்க பொண்ணு என்ன சொல்லிட்டா தெரியுமா? ‘அத்தை, மாமா ஓட்டினா நான் நடந்தே வந்துடறேன்’னுட்டா. அவ சொல்றதும் நியாயம்தான். எங்க வீட்டுக்காரர் வேகத்தடையைக் கண்டா, பரம விரோதியைக் கண்ட மாதிரி ஏறி மிதிப்பார். நேத்து என் மண்டை கூரையில இடிச்சு, தொட்டுப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு!”

அக்கா தொட்டுப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவு புடைத்திருந்தது.

“அவளுக்கு எங்க வண்டி வேணும், உங்க கை வேணும். அதை எப்படிக் கேக்குறதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு பீத்தினேன். நீங்களே ஓட்டுங்க சம்பந்தி.”

அக்கா அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அண்ணன் சாவி குடுப்பாரா?” என்றாள்.

“குடுக்காம? துணி மூட்டையை மடியில வச்சிட்டு, வாயை மூடிக்கிட்டுப் பக்கத்து சீட்ல உட்காருவார்.”

“அப்ப வண்டியைக் கொஞ்சம் முன்னாடியே இங்க அனுப்பிடுங்க. ஒரு சுத்து ஓட்டிப் பாக்கணும். பிரேக் எந்த அழுத்தத்துல பிடிக்குதுன்னு கால் பழகணும்.”

“டயர்ல காத்தை நான் பாத்துடறேன்” என்றார் கணவர், இதுதான் சாக்கு என்று உள்ளே வந்து. “அப்ப இங்க ஷாக் அப்சார்பரையே முதல்ல...”

“பால் ஜாயிண்ட்டைக் கழட்டுங்க! நாளைக்கு ஸ்டாண்ட்ல எவளோ ஒருத்தி கைக்குழந்தையோட நிப்பா. அவளுக்கு யாரு இருக்கா?”

அவர் மறுபேச்சில்லாமல் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு போனார். அக்கா இறக்கி வைத்த பாலை மறுபடி சூடாக்கி, மகளுக்கு ஒரு பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தாள். சம்பந்தியம்மா அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். பாதித் தெரு போனவர் திரும்பி வந்தார்.

“சம்பந்தி, மெதுவாத்தானே ஓட்டுவீங்க?”

“கண்ணை மூடித் தூங்கிட்டு வாங்க, போங்க!” என்று சிரித்தபடி அக்கா கதவைச் சாத்தினாள்.