முள்ளெலிக் குவியலின் மேல் மேக்சின்

மேக்சினை அடக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பவள். தட்டில் காய்கறியை மிச்சம் வைத்தால் தலைமையாசிரியரைக்கூட நிற்க வைத்துக் கேட்பாள். அவளுக்கு எல்லாரும் 'கண்ணு'தான். தபால்காரர் கண்ணு, போலீஸ்காரர் கண்ணு, நானும் கண்ணு. யார்க்‌ஷயரில், இங்கிலாந்தின் இந்த வடபகுதியில், பாதிப் பேர் இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் கோபத்தில் இவள் 'கண்ணு' என்றால் நான் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவேன்.

புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம், வீட்டில் உட்கார்ந்து அழப் பிடிக்காமல் தெருமுனைப் பூங்காவுக்குப் போய்க் குப்பை பொறுக்க ஆரம்பித்தாள். வேடிக்கை பார்த்த நாங்களும் ஒவ்வொருவராகக் கையுறை மாட்டிக்கொண்டோம். சனிக்கிழமைதோறும் கூடிக் குளத்தைத் தூர் வாரினோம், பறவைகளுக்குப் பெட்டி கட்டினோம், வேலிக்கு அடியில் சின்னப் பிராணிகள் நுழைய வழி வெட்டினோம். ஆனால் அவள் போட்ட சண்டையெல்லாம் புல்லை வெட்டாமல் விடுவதற்காகத்தான். இந்த ஊர்க்காரர்களுக்குப் புல் என்றால் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். "பூங்காவா இது, காடா?" என்று கேட்டவர்களிடம், "காடுதான் கண்ணு, புடிக்கலன்னா உங்க வீட்டுக் கம்பளத்துல போய் நடங்க" என்பாள்.

செப்டம்பரில் ஒரு நாள் டாக்சி ஓட்டும் இம்தியாஸ் அவளுக்குப் போன் பண்ணினான். அவனும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவன். பூங்கா வாசலில் வண்டி வெளிச்சத்தில் ஒரு முள்ளெலியைப் பார்த்தானாம். முள்ளம்பன்றி என்று நினைத்துவிடாதீர்கள். இது இரண்டு கைக்குள் அடங்கிவிடும், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். எங்கள் பூங்காவில் அதை யாரும் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. மேக்சினுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காலத்தில் பெரியவர்கள் புல்லில் பந்து உருட்டி விளையாடிய பழைய மைதானத்தின் ஓரத்தில் அடியில் கட்டைகள், மேலே கிளைகள், நடுவில் அள்ளி அள்ளிக் காய்ந்த இலை என்று ஒரு குவியல் போட வைத்தாள். அது வந்து இலையைச் சுற்றிக்கொண்டு குளிர்காலம் முழுக்க உள்ளேயே தூங்குமாம். 'முள்ளெலி வீடு, தொடாதீர்கள்' என்று ஒரு பலகையும் நட்டாள்.

அந்தப் பலகையைக் காற்று கொண்டுபோனதோ, எந்தக் கடங்காரன் கொண்டுபோனானோ, அக்டோபர் கடைசியில் அது இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது. நவம்பர் முதல் வாரத்தில் இந்த ஊரில் எங்கேயாவது குச்சிகளைக் குவித்து வைத்தால், அது எதற்கு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஐந்தாம் தேதி எரிப்பதற்குத்தான். என்றோ ராஜாவுக்கு வெடி வைக்கப் பார்த்தவன் பிடிபட்ட நாளாம், வருஷாவருஷம் அவனைப்போல ஒரு பொம்மை செய்து தீயில் எரித்து, வெடி விடுவார்கள். நாம் போகிக்குப் பழம்பாயைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல ஆளாளுக்குக் கதவு, அலமாரி, மரப்பலகை என்று கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நகராட்சி இந்த முறை தீ மூட்டப் போவதில்லை என்று கைவிரித்துவிட்டதால், தெருவே பார்த்துக்கொள்ளும் என்று ஒருவன் முன்னால் நின்றான். அவன் மேக்சினின் கூடப்பிறந்த தம்பி டேரல், சாரம் கட்டுகிறவன். இவளோ அந்த வாரம் முழுக்க வேல்ஸில் மகள் வீட்டில் இருந்தாள். நான் காய்ச்சலில் கிடந்தேன். இம்தியாஸுக்கு ஓயாத சவாரி.

அவள் ஐந்தாம் தேதி சாயங்காலம்தான் ஊர் திரும்பினாள். கையில் இஞ்சிக் கேக் டப்பாவோடு என்னையும் கிளப்பிக்கொண்டு தீ பார்க்கப் போனாள். பூங்காவில் அத்தனை ஜனம். அந்தப் பழைய மைதானத்தின் ஓரத்தில் வீட்டு உயரத்துக்கு ஒரு மலை. உச்சியில் கிழிந்த சோபா, சோபாவில் எரிப்பதற்காகப் பழைய துணியில் செய்த பொம்மை. மேக்சின் டப்பாவைக் கீழே போட்டாள்.

"கண்ணு, அது நம்மளுது" என்றாள்.

டேரல் கையில் பந்தம் எரிந்துகொண்டிருந்தது. அக்காளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வந்துட்டியா! பாத்தியா எம்புட்டு ஒசரம்னு!"

"அத கீழ போடுடா! அது முள்ளெலி வீடு. நாங்க கட்டுனது!"

"வீடா? வெறும் குச்சிதான கெடந்துச்சு. எனக்கென்ன சோசியமா தெரியும்?"

"மேல இருக்கறத எல்லாம் எடுத்து டென்னிஸ் தளத்துல போடு. அங்க எரி."

"வெளயாடறியா? புள்ளைங்க குளிருல நடுங்கிட்டு நிக்குது. ஒரு எலிக்காக இத்தன பேர வீட்டுக்குப் போகச் சொல்றியா?"

"கொளுத்துங்கப்பா சீக்கிரம்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். மேக்சின் நேரே குவியலுக்குப் போனாள். அறுபதைத் தாண்டிய பொம்பளை, கதவைப் பிடித்து, அலமாரியில் கால் வைத்து ஏறினாள். பலகை சரிந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. உச்சிக்குப் போய், பொம்மையைத் தள்ளி உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"டேரல், ரெண்டுல எதுப்பா பொம்மை?" என்று ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. டேரல் மட்டும் சிரிக்கவில்லை. ஊர் முன்னால் மானம் போகிறதே என்று அவன் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"உள்ள இருக்குங்கிறியா? காட்டு. ஒரே ஒரு தடவ கண்ணுல காட்டு, இத்தனையையும் நானே தூக்கிப் போடறேன்."

"காட்ட மாட்டேன். இலையப் பிரிச்சா அது முழிச்சுக்கும். இந்தக் குளிருல முழிச்சா பொழைக்காது. நீ நம்பறதுக்காக நான் அதக் கொல்லணுமா?"

"நல்ல கதையா இருக்கே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வேலையப் பாத்துட்டு நில்லுங்க!" என்று நானும் கத்தினேன். காது கொடுக்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு ராக்கெட் வெடி மேலே போகாமல் படுத்தவாக்கில் சீறிக்கொண்டு வந்து குவியலின் பின்பக்கத்தில் செருகியது. அங்கே அட்டைப்பெட்டிகள். குப்பென்று பிடித்துக்கொண்டது. ஜனம் அலறிக்கொண்டு பின்வாங்கியது.

"மேக்சின், எறங்கு! எறங்கித் தொலை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"எறங்கினா எரிய விட்டுருவாங்க!" அவள் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். புகை அவளை மறைத்துவிட்டது. இருமல் மட்டும் கேட்டது.

டேரல் பந்தத்தை ஈரப்புல்லில் வீசிவிட்டு ஓடினான். எரிகிற அட்டைகளை வெறுங்கையால் பிடுங்கினான், சட்டையைக் கழற்றி அடித்தான். இம்தியாஸ் எங்கிருந்து வந்தானோ, வாளித் தண்ணீரை வீசிவிட்டுப் புகைகிற பலகைகளை இழுத்துத் தள்ளினான். ஒரு வழியாகத் தீ அடங்கியபோது டேரலின் புருவம் பொசுங்கியிருந்தது.

"செத்துருப்ப! பைத்தியக்காரி, செத்துருப்ப!" என்று அழுதுகொண்டே கத்தினான்.

"உள்ள இருக்கறதுக்கும் அதே கதிதான்டா" என்றாள் அவள் மேலேயிருந்து.

டேரல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு கதவைத் தூக்கித் தோளில் வைத்து, டென்னிஸ் தளத்தைப் பார்த்து நடந்தான். இம்தியாஸ் அடுத்த பலகையைத் தூக்கினான். நான் ஒரு நாற்காலியை எடுத்தேன். நல்ல கதை என்று சொன்ன அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்கூட அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தார். சோபாவை மேக்சினோடு சேர்த்தே நாலு பேர் இறக்கினார்கள். கடைசியில் எங்கள் கிளைகள் தெரிந்தன. கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் இலை கலையவில்லை. டேரல் குனிந்து உள்ளே கையை விடப்போனான். மேக்சின் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

தளத்தில் தீ நன்றாகப் பிடித்து, பிள்ளைகள் கூச்சலிட ஆரம்பித்த பிறகு நாங்கள் இருவரும் குவியலுக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் முகமெல்லாம் கரி.

"எப்ப பாத்த அத? உள்ள போறப்பவா?" என்று கேட்டேன்.

"எத?"

"முள்ளெலியத்தான்."

"நான் எங்க பாத்தேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப உள்ள இருக்கா, இல்லையா?"

"எனக்கெப்படிக் கண்ணு தெரியும்? வரும்னு நெனச்சுத்தான கட்டுனோம்." குனிந்து, நசுங்கியிருந்த ஒரு கிளையை நிமிர்த்தி வைத்தாள்.

திரும்பினால் டேரல் நிற்கிறான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவன் அக்காளைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான். தலைக்குமேல் ஒரு ராக்கெட் வெடித்துப் பொறி கொட்டியது.

"அப்ப இனிமேதான் வரும்" என்றான்.

இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து குவியலுக்கு முன்னால் காலை அகட்டி நின்றான். "யாருய்யா அது? வெடிய அந்தப் பக்கமா கொண்டுபோய் விடுங்க!"